ரெண்டு மீட்டர் உள்ள

அந்தச் சேர்ல இருக்காதீங்க மேடம், அதுக்கு ஒரு காலு ஆடும். இன்னா பாருங்க, இந்தச் சுண்ணாம்பு மூட்டைக்கு மேல சாக்கு விரிச்சிருக்கேன், இதுல இருங்க. உடுப்புல ஒட்டினாலும் தட்டிவிட்டாப் போயிரும். எனக்க வீட்டுக்காரி மெற்றில்டா சொல்லுவா, உமக்கு மீன் வாடை போயி சுண்ணாம்பு வாடை வந்துட்டுதுன்னு. கடலுக்குப் போறத விட்டுட்டு இந்த கிரவுண்டுக்கு வந்து இருபத்திரண்டு வருசம் ஆவுது.

எனக்க பேரை யாரு குடுத்தான்னு சொன்னிய? ததேயுஸ் சாரா? அவரே எழுதிக் குடுத்தாரா? இன்னொருக்கா சொல்லுங்க. உம்மளப் பத்தி யாருகிட்ட விசாரிக்கலாம்னு கேட்டதுக்கு, கிளப் ஓனரு, கேப்டன், பெறவு கிரவுண்டுக்காரன் வியாகப்பன்னு எழுதினாரா. அவரு அப்படித்தான்.

இந்தியா புட்பால் டீமுக்கு அவரைக் கோச்சாப் போடலாமா வேண்டாமான்னு ஒரு கமிட்டி, அதுல நீங்க ஒரு ஆளு. நீங்களும் கோல் காக்குற கோலியா நின்னவங்கன்னு வாட்ச்மேன் சொன்னான். அப்பம் விளையாட்டப் பத்தி நான் விளக்கண்டாம். எங்க ஊரு டீக்கடையில இந்த ஒரு மாசமா இதான் பேச்சு. ரெண்டு கட்சி. ஒரு கட்சி சொல்லுது, ஆறு வருசத்துல நாலு கப்பு எடுத்த மனுசன், அவரை விட்டா ஆரு இருக்கா? மத்த கட்சி சொல்லுது, இங்கன வருசம் முழுக்கப் பிள்ளையள கையில வச்சுப் பழக்கினாரு, இந்தியா டீம்னா பத்து நாளுதான் பிள்ளையள் கிட்டும், பத்து நாளுல அவரு யாரைப் பழக்க? ரெண்டு கட்சியும் எனக்க மூஞ்சியப் பாக்கும், நீரு கூடவே இருந்தவரு, நீரு சொல்லும்னு. நான் டீயை ஊதிக் குடிச்சிட்டு எழும்பி வந்துருவேன்.

ஏன்னா எனக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாது. ததேயுஸ் சாருக்கே தெரியாது. மெற்றில்டாவுக்குத் தெரியும். எங்க சர்ச்சு சாமியாருக்குப் பாதி தெரியும். அவ்வளவுதான்.

எழுதாதீங்க. பேனாவக் கொஞ்சம் மூடி வையுங்க, நான் சொல்லி முடிச்ச பெறவு எழுதுறதா வேண்டாமான்னு பாத்துக்கிடலாம்.

மொதல்ல அவரைப் பத்தி நல்லது சொல்லிருகேன். அஞ்சு மணிக்கு வந்துருவாரு. செருப்பக் கழத்தி அன்னா அந்த மூலையில வச்சுட்டு, வெறுங்காலோட கிரவுண்ட ஒரு சுத்து நடப்பாரு. பள்ளம் கிள்ளம் காலுல தட்டினா ஒடனே, "வியாகப்பண்ணே, இங்கன ஒரு கை மண்ணு வேணும்"னு விளிப்பாரு. என்னைய அண்ணேன்னு விளிச்ச ஒரே கோச்சு அவருதான். அவருக்கு முன்னால வந்தவங்க எல்லாம் "ஏய் சுண்ணாம்பு"ன்னுதான். ஒரு மேட்சு ஜெயிச்சா ஓனருக்கிட்டப் போவ மாட்டாரு, டிவிக்காரங்ககிட்டப் போவ மாட்டாரு. நேரா எனக்கிட்ட வந்து ரெண்டு கையையும் பிடிச்சு, "அண்ணே, கிரவுண்டு நமக்கு ஒத்துழைச்சுது"ம்பாரு. அதைக் கேக்கும்போ எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. இருங்க, அதைப் பெறவு சொல்லுகேன்.

அவரு வந்து மொதல் ரெண்டு வருசம் ஒரு கப்பும் இல்ல. பெரிய பேரோட வந்தாரு, ஒண்ணும் நடக்கல்ல. மூணாம் வருசம் தொடக்கத்துல நாலு மேட்சு தொடந்து தோல்வி. ஓனரு சொல்லிட்டாரு, வாற சனிக்கிழமை தோத்தா நீங்க வேற இடம் பாத்துக்கிடுங்கன்னு. அந்தப் பேச்சு ஊரு முழுக்கத் தெரியும். ஐப்பசி மாசம், மழை விட்டு விட்டுப் பெய்யுது.

கோடு போடுறது எப்படின்னு உங்களுக்குத் தெரியாது, எந்த கோலியும் அதைப் பாத்திருக்க மாட்டா. சொல்லுகேன். கோல் போஸ்டு ரெண்டும் சிமெண்டுல நட்டது, அது அசையாது. அதனால நீளத்துக்குப் பிரச்சினையில்ல. கோலுக்கு முன்னால உள்ள பெட்டிக்கு அளவுப் பலகை இருக்கு. அகலந்தான் அளக்கணும். கோலுக்கு நடுவுல ஒரு முளை அடிச்சு, அதுல இருந்து இந்தப் பக்கம் முப்பத்திநாலு மீட்டர், அந்தப் பக்கம் முப்பத்திநாலு மீட்டர். மொத்தம் அறுபத்தெட்டு. அளந்த இடத்துல கொடி நட்டு, நூலு கட்டி, சுண்ணாம்பு வண்டியத் தள்ளினா கோடு விழும். அளக்கதுக்கு ஒரு இரும்பு டேப்பு இருந்துது. கடக்காத்துல துருப்பிடிச்சு அந்த வாரம் ரெண்டாப் பொட்டிப் போச்சு. ஆபீசுல சொன்னேன், வரும் வரும்னானுவ. நான் என்ன செஞ்சேன், வீட்டுல வள்ளத்துக்கு வாங்கி வச்ச புதுப் பருத்திக் கயிறு கிடந்துது. அதை வெயில் அடிச்ச ஒரு நாளு பொட்டின டேப்ப ஒட்டுப்போட்டு வச்சு ஒழுங்கா அளந்து, முப்பத்திநாலுல ஒரு முடிச்சு போட்டேன். சரியான அளவு. ஒரு விரக்கடை பிசகில்ல.

வெள்ளிக்கிழமை ராத்திரி நல்ல மழை. கயிறு வெளிய கிடந்து நனைஞ்சு போச்சு. சனிக்கிழமை காலம்பற அதே கயிறை எடுத்து அளந்து கோடு போட்டேன்.

சிரிக்கிய. உங்களுக்கு விளங்கிட்டுது. புதுப் பருத்திக் கயிறு நனைஞ்சா சுருங்கும் மேடம், கடக்கரையில பிறந்த பச்சப்பிள்ளைக்கும் அது தெரியும். பத்து வயசுல இருந்து கயிறு பிடிச்சவன் நான். சாருக்கு வேலை போயிருமோன்னு ஒரு பதட்டம், அதுல மறந்து போச்சுன்னு வச்சுக்கிடுங்க.

அண்ணைக்கு மூணுக்குச் சைபர்ல ஜெயிச்சோம். ஊரே கிரவுண்டுக்குள்ள எறங்கிட்டுது. எல்லாரும் போன பெறவு நான் கயிறைச் சுருட்டினேன். நாங்க வள்ளக்காரங்க எதையும் சும்மா சுருட்ட மாட்டோம், ரெண்டு கையையும் விரிச்சுப் பாகம் போட்டு எண்ணிக்கிட்டே சுருட்டுவோம், அது கைப்பழக்கம். பதினெட்டரைப் பாகத்துக்குக் கொஞ்சம் மேல வரணும். பதினேழரையிலயே முடிச்சு கையில வந்துட்டுது. இன்னொருக்கா எண்ணினேன். அதேதான். ஒரு பக்கத்துக்கு ரெண்டு மீட்டர் கொறவு. ரெண்டு பக்கமும் சேத்து நாலு மீட்டர் கொறஞ்ச கிரவுண்டுலயாக்கும் நாம ஜெயிச்சிருக்கோம்.

நான் கயிறும் கையுமா நேரா சாருக்கிட்டத்தான் போனேன். இதை நீங்க நம்பணும். சொல்லதுக்குத்தான் போனேன். உடுப்பு மாத்துற ரூமுல அவரு மட்டும் தனியா இருக்காரு. மூஞ்சியத் துண்டால மூடிட்டு அழுவுறாரு. என்னையப் பாத்ததும் எழும்பிக் கெட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "அண்ணே, நமக்கு வேலை போவல்ல"ன்னாரு. நமக்குன்னாரு மேடம். அவரு தோளுக்குப் பின்னால எனக்க கையில கயிறு சொட்டிக்கிட்டு நிக்குது. நான் எப்படிச் சொல்ல?

அடுத்த மேட்சுக்குள்ள புது டேப்பு வந்துட்டுது. அதையும் ஒளிக்காமச் சொல்லிருகேன். டேப்பு வந்துது. நான் அதை அலமாரியில வச்சுப் பூட்டிட்டு அந்தக் கயிறைத்தான் எடுத்தேன். ஒருக்கா நனைஞ்சு சுருங்கின கயிறு காஞ்சாலும் பழைய நீளத்துக்கு வராது. அதே முடிச்சு, அதே ரெண்டு மீட்டர் உள்ள. பழைய கோட்டுல சுண்ணாம்பு பட்டுப் புல்லு கருகிக் கிடக்கும், அதுக்கு மேல வெட்டின புல்லைத் தூவி விடுவேன். ரெஃப்ரி வருவாரு, வலையைப் பாப்பாரு, கொடியப் பாப்பாரு, கோடு வெள்ளையா இருக்கான்னு பாப்பாரு. அளக்க மாட்டாரு. சீசன் தொடக்கத்துல ஒருக்கா வந்து அளப்பாங்க, அண்ணைக்கு மட்டும் சரியாப் போட்டு வைப்பேன். அறுபத்திநாலு மீட்டரும் விதிக்குள்ளதான் வரும், கள்ளம்னு சொல்ல முடியாது. அறுபத்தெட்டுன்னு எழுதிக் குடுத்துட்டு அறுபத்திநாலு போட்டதுதான் கள்ளம்.

அந்த வருசம் கப்பு எடுத்தோம். அடுத்த வருசமும் எடுத்தோம். சாரு டிவியில வந்து மேசைமேல சோடா மூடியள அடுக்கி வச்சு, சின்ன எடத்துக்குள்ள பந்தை எப்படிக் கைமாத்தணும்னு பாடம் எடுப்பாரு. எதிர் டீமுக்கு மூச்சு முட்டும், அதான் நம்ம விளையாட்டும்பாரு. அது எனக்குள்ள எப்படித் தைக்கும் தெரியுமா? மூச்சு முட்ட வச்சது ஆரு? நானாக்கும்! நான் டிவியப் பாக்காம மெற்றில்டாவைப் பாப்பேன். அவ மொளவு அரைச்சுக்கிட்டே, "அவரு உம்ம கயிறைப் பத்தித்தான் பேசுகாரு"ம்பா. எனக்கு வெக்கமாவும் இருக்கும், உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோசமாவும் இருக்கும். பொய் சொல்லக் கூடாதுல்ல. கிளப் காலண்டர்ல டீமோட நானும் நிக்கேன், பாத்திருப்பிய. கோயில் திருநாளு கமிட்டியில என்னையச் சேத்தது அந்த வருசந்தான். நான் சேக்கச் சொல்லல்ல, அவங்களாச் சேத்தது.

செஞ்ச பாவத்தைச் சாமியாருகிட்டச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "சாமி, கோடு மாத்திப் போட்டேன்"னு சொன்னேன். சாமியாரும் நம்ம டீமு மேல பைத்தியம். "கோடுதானே, மூணு அருள்நிறை மந்திரம் சொல்லும்"னாரு. நான் எழும்பப் போவும்போ, "சனிக்கிழமை ஜெயிப்போமா?"ன்னு கேட்டாரு. ஜெயிப்போம் சாமின்னேன். அதோட அது தீந்துதுன்னு நினைச்சேன்.

ஆனா நான் சாமியாருகிட்ட முழுசும் சொல்லல்ல. ஷிஜின் காரியத்தைச் சொல்லல்ல.

ஷிஜின் தெரியுமா உங்களுக்கு? என்னது, காலம்பற அவனைப் பாத்துட்டுத்தான் வாறியளா? ஐஸ் பிளாண்டுலயா? அவனுக்க பேரை ஆரு குடுத்தது? அதுவும் சாரா? "நான் வெளிய அனுப்பின பிள்ளைகிட்டயும் கேளுங்க"ன்னு எழுதினாரா... அவன் என்ன சொன்னான்? கோவமாப் பேசினானா? சொல்லுங்க. சரி, சரி. மொதல்ல நான் முடிக்கணும்கிய. முடிக்கேன்.

ஷிஜின் எங்க தெருப் பய. சொந்தம் இல்ல, ஆனா சின்னதுல இருந்து என்னைய மாமான்னுதான் விளிப்பான். இடது பக்கத்துல ஓடுவான். அந்தப் பய ஓடுறதப் பாக்கணும் நீங்க. கோட்டை ஒட்டி ஓடுவான், கோட்டுக்கும் பந்துக்கும் நடுவுல ஒரு சாணுதான் இருக்கும், ஆனா கோட்டைப் பாக்கவே மாட்டான். தலை நிமிந்து நடுவுல ஆரு நிக்கான்னு பாத்துக்கிட்டே ஓடுவான். கோடு எங்க இருக்குன்னு அவன் காலுக்குத் தெரியும். பிராக்டீஸ் எல்லாம் பின்னால இருக்க இன்னொரு கிரவுண்டுல, அங்க அகலம் சரியா இருக்கும். வெளியூருலயும் சரியா இருக்கும். இங்க மேட்சுல மட்டும்...

விளங்குதுல்ல உங்களுக்கு.

இங்க ஆடினா பந்து வெளிய போவும். ஒரு மேட்சுல ஏழு தடவை போச்சு. அவன் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருப்பான், லைன்ஸ்மேன் கொடியத் தூக்கிருவான். பய திரும்பிக் கோட்டைப் பாப்பான், காலைப் பாப்பான். மொதல்ல ஊர்க்காரங்க அய்யோன்னாங்க. பெறவு சிரிச்சாங்க. பெறவு அவன் காலுக்குப் பந்து வந்தாலே கேலரியில பயலுவ "அவுட்டு, அவுட்டு"ன்னு விளிக்கத் தொடங்கிட்டானுவ. வெளியூருல போயி அதே பய ராசாவாட்டம் ஆடிட்டு வருவான்.

ஒரு நாளு சாயங்காலம், நான் கோடு போட்டுட்டு நிக்கேன், எனக்கிட்ட வந்தான். பக்கத்துல நின்னு கொஞ்ச நேரம் பாத்தான். "மாமா, கோடு கொஞ்சம் உள்ள வந்திருக்கா?"ன்னு கேட்டான். சண்டைக்குக் கேக்கல்ல. பயந்து பயந்து கேட்டான், தான் கேக்குறது தப்போன்னு.

அவன் காலு கண்டுபிடிச்சிட்டுது மேடம். ரெஃப்ரி கண்டுபிடிக்கல்ல, சாரு கண்டுபிடிக்கல்ல, டிவிக்காரன் கண்டுபிடிக்கல்ல. இவன் காலு கண்டுபிடிச்சிட்டுது.

நான் என்ன சொன்னேன்னு நினைக்கிய? "கோடு அங்கனதாம்ல இருக்கு, உனக்குத்தான் கண்ணுல கோளாறு"ன்னேன். அவன் கோலு நடுவுல இருந்து எட்டு வச்சு அளக்கப் போனான். "லேய், ஈரச் சுண்ணாம்பு, மிதிக்காத, போ"ன்னு சத்தம் போட்டேன். போயிட்டான். சொன்ன பேச்சுக் கேக்குற பய.

அடுத்த வாரம் நாகர்கோவில்ல கண்ணாசுபத்திரிக்குப் போயிட்டு வந்தான். அவனுக்க அம்மா எனக்கிட்ட வந்து சொல்லுகா, "அண்ணே, கண்ணுல ஒரு குறையும் இல்லேன்னு டாக்டரு சொல்லிட்டாரு, பெறவு ஏன் பிள்ளைக்கு இப்படி ஆவுது?"ன்னு. நான் கிரகமா இருக்கும்னேன். ஒரு மெழுகுதிரி கொளுத்தி நேந்துக்கோன்னேன். என்ன மனுசன் நான்?

வருசத்துக்கு நடுவுலயே சாரு அவனைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. "மக்கா, உனக்குக் காலு இருக்கு, ஊர்க்காரங்க முன்னால நெஞ்சு இல்ல." எல்லாரு முன்னாலயும் சொல்லல்ல, ரூமுக்குள்ளதான் சொன்னாரு, ஆனா அது மறுநாளே பேப்பருல வந்துட்டுது. சொந்த ஊரு செல்லப்பிள்ளையவே வெளிய வச்ச கோச்சுன்னு எல்லாரும் எழுதினாங்க. பெறவு கப்பு எடுத்ததும், பாத்தியா, என்ன தைரியம், என்ன கண்ணுன்னு அதே ஆளுவ எழுதினாங்க. இண்ணைக்கும் சாரைப் பத்தி ஆரு பேசினாலும் அந்தக் கதையச் சொல்லாம விட மாட்டான். உங்க ஃபைல்லயும் இருக்கும், பாருங்க.

அவனை வேற கிளப்பு எதுவும் எடுக்கல்ல. ஊர்க்கூட்டத்தைக் கண்டு நடுங்குற பயல ஆரு எடுப்பா? இப்பம் ஐஸ் பிளாண்டுல கட்டி உடைக்கான். திருநாளுக்கு நடக்குற டோர்னமெண்டுக்குக் கூட வாறதில்ல. கல்யாணம் ஆன பயலுவ, தொந்தி விழுந்த பயலுவ எல்லாம் ஆடுறானுவ, அவன் வரமாட்டான். ரோட்டுல பாத்தா, "என்ன மாமா, சௌக்கியமா?"ன்னு கேப்பான். நான் சைக்கிள விட்டு எறங்க மாட்டேன்.

இதை நான் ஆருக்கும் கெடுதல் நினைச்சுச் செய்யல்ல மேடம். சாருக்காகச் செஞ்சது. ஒரு பக்கம் பெரிய மனுசனுக்க வாழ்க்கை, ஒரு பக்கம் ஒரு பயலுக்க ஆட்டம். ஒண்ணு கையில இருந்து போனாத்தான் மத்தது நிக்கும்னு இருந்தா நீங்க எதைப் பிடிப்பிய? நான் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். நாலு கப்பு வந்துது, அந்த நாலு கப்புக்கு ஒரு ஷிஜின்னு. தப்புதான், ஆனா வெறுதே வீணாப் போவல்லன்னு.

மொதல் ரெண்டு கப்புதான் எனக்க கயிறுல வந்தது. பெறவு லீக்குல இருந்தே மெஷின் வச்சுக் கோடு போட ஆளு வந்துட்டாங்க, எனக்குப் புல்லு வெட்டுற வேலை மட்டுந்தான். ஆமா, அதுக்குப் பெறவும் ரெண்டு கப்பு எடுத்தாரு. அது பழக்கத்துல வந்தது. சின்ன எடத்துல ஆடிப் பழகின பயலுவ, பெரிய எடத்துலயும் ஓட்டிட்டானுவ.

அதனாலதான் சொல்லுகேன். அவரை நல்லவருன்னு எழுதுங்க, நேர்மையான ஆளுன்னு எழுதுங்க, ஆனா இந்தியா டீமுக்குப் போட வேண்டாம்னு எழுதிருங்க. அவரு எனக்க பேரை நம்பிக் குடுத்தாரு, நான் இப்படிச் சொல்லுகேன், எனக்கு நாக்கு கூசுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஜப்பான்லயும் ஈரான்லயும் போயி நின்னா, அங்கன வியாகப்பன் கயிறோட நிப்பானா? எடம் அகலமா இருக்கும். எதிராளி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிச்சு ஓடுவான். நாடு முழுக்கப் பாக்கும்போ அவரு தோத்து நிப்பாரு, எதுக்குத் தோத்தேன்னு கூட அவருக்குத் தெரியாது. அந்த மூஞ்சிய நான் டிவியில பாக்கவா? வேண்டாம். அவருக்குப் பேரு இருக்கு, அதோட இங்கயே இருக்கட்டு.

என்னது இது, பேப்பரு?

எனக்கு இங்கிலீசு வராது, நம்பரு வாசிப்பேன். இது மூணாம் வருசமா? இது நாலாம் வருசம். இந்தப் பக்கம் இங்க ஆடினது, அந்தப் பக்கம் வெளியூரு. சரி. ரெண்டு வருசத்துக்கும் சேத்து இங்க இருபத்தாறு மேட்சு, வெளியூருல இருபத்தாறு மேட்சு. இங்க ஜெயிச்சது... பதினஞ்சு. வெளியூருல...

பதினேழா?

இது தப்பா இருக்கும் மேடம். மாத்தி எழுதியிருப்பாங்க. வெளியூருல எப்படிக் கூடும்? அங்கன கிரவுண்டு முழு அகலமில்லா. நான் அங்க இல்லியே. அந்த நாலு தோல்வி கழிஞ்சு வெளியூருல இவ்வளவு ஜெயிச்சாங்களா? நான் வெளியூருக்குப் போறதில்ல, இங்க ஜெயிக்கும்போ மட்டுந்தான் பாப்பேன். வெளியூரு மேட்ச டிவியில பாக்கும்போ ஜெயிச்சா சந்தோசம், அவ்வளவுதான், எண்ணிப் பாக்கல்ல. கயிறைப் பாகம் போட்டு எண்ணினேனே, இதை ஒரு நாளும் எண்ணல்லியே.

அப்பம் அவரு நல்ல கோச்சுதான். எனக்க கயிறு இல்லாமலே நல்ல கோச்சு. சோடா மூடிய வச்சு அவரு சொன்னது அவருக்க மூளைதான். நானாக்கும் நானாக்கும்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு இருந்தேனே, காலண்டர்ல நிக்கேனே. இங்க ரெண்டு ஜெயிப்பு கொறஞ்சுதான் இருக்கு. கோடு சரியா இருந்திருந்தா இங்கயும் ரெண்டு கூட ஜெயிச்சிருப்போமோ என்னமோ, இடது பக்கத்துல அவன் ஓடியிருப்பான்.

அப்பம் எனக்க கோடு சாருக்கு ஒண்ணும் செய்யல்ல. ஷிஜினுக்கு மட்டுந்தான் செஞ்சிருக்கு.

கொஞ்சம் வெள்ளம் குடிக்கேன் மேடம்.

அவன் என்ன சொன்னான்னு இப்பம் சொல்லுங்க. நான்தான் முடிச்சிட்டேனே. திட்டினானா? சாரைத் திட்டியிருந்தாலும் சரி, என்னையத் திட்டியிருந்தாலும் சரி. வாசியுங்க. பைய வாசியுங்க.

"ததேயுஸ் சார் என்னை வெளிய வச்சது சரிதான். ஊர்க்காரங்க முன்னால எனக்குப் பயம் வந்துரும். எனக்கே தெரியாம இருந்ததை அவருதான் கண்டுபிடிச்சாரு. இந்தியா டீமுக்கு அப்படிக் கண்ணு உள்ள ஆளுதான் வேணும்."

கையெழுத்தும் போட்டிருக்கான். ஷிஜின்னு தமிழ்லயே போட்டிருக்கான். பள்ளிக்கூடத்துல இதே கையெழுத்துதான்.

பயமா? அவனுக்கா? பதினாலு வயசுல, கடலு பொங்கி நிக்கும்போ கட்டுமரத்துல போயி அப்பனை இழுத்துட்டு வந்த பய அவன்! மூணு வருசமா அந்தப் பய ஐஸுக்கட்டிய உடைச்சுக்கிட்டே, நான் பயந்தவன், நான் பயந்தவன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு இருந்திருக்கானா? அவங்கம்மாவுக்கும் அதான் நினைப்பா? கட்டிக்கிட்ட பொண்டாட்டிக்கும் அதான் நினைப்பா? நான் சைக்கிள விட்டு எறங்காமப் போனேனே மேடம். அவனும் என்ன நினைச்சிருப்பான், பயந்தவன்கிட்ட மாமாவுக்கு என்ன பேச்சுன்னு நினைச்சிருப்பான்.

பேனாவத் திறங்க. எழுதுங்க. வியாகப்பன் சொன்னதுன்னு எனக்க பேரப் போட்டே எழுதுங்க. சாருக்கு வேலையக் குடுங்க, அவரு அதுக்குத் தகுந்த ஆளு. ஒரு காரியத்துல மட்டும் அவரு தப்பாப் பாத்தாரு, அது என்னால, அதையும் எழுதுங்க. சாரு வாசிக்கட்டு. இனி அவரு என்னைய அண்ணேன்னு விளிக்கண்டாம்.

உங்க வண்டியில எடம் உண்டா? ஐஸ் பிளாண்டுக்குப் போவணும், அவனுக்கு ஆறு மணிக்கு வேலை விடும். நீங்க எறங்கண்டாம்... இல்ல, எறங்குங்க, கூட நில்லுங்க, நீங்க நின்னாத்தான் நான் திரும்பி வரமாட்டேன். அவன் அடிச்சாலும் நீங்க தடுக்காதீங்க. அவங்கிட்ட எனக்குச் சொல்ல ஒண்ணுதான் இருக்கு. லேய் ஷிஜின், நீ ஒரு நாளும் பந்தை வெளிய விடல்ல மக்கா. ஒரு நாளும் விடல்ல.